பெயர் எழுதாத மொய்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லையோரக் கிராமங்களில் மொய் விருந்து களைகட்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பந்தலுக்குப் பந்தல் ஆட்டுக்கறிச் சோறு மணக்கும். சாப்பிட்டுக் கை கழுவியவர் நேரே மொய் எழுதும் மேசைக்குப் போவார். ஊர், பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். முன்பு வாங்கிய பழைய மொய் எவ்வளவு, அதற்கு மேல் போட்ட புது மொய் எவ்வளவு என்பதில் குழப்பமே இருக்காது. அதை அன்பளிப்பு என்று அங்கே யாரும் பாசாங்கு செய்வதில்லை. அது வட்டியில்லாக் கடன். ஒரு நாள் திருப்பியாக வேண்டும். திருப்பாதவர் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இந்தியாவில் பெரு நிறுவனங்கள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடையும் ஒருவகை மொய்தான். இங்கும் நோட்டு உண்டு. ஆனால் ஊர் அதைப் பார்க்கக் கூடாது. 2018 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை தேர்தல் பத்திரம் என்ற பெயரில் 16,518 கோடி ரூபாய் இப்படிக் கைமாறியது. கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கிய கட்சிக்குத் தெரியும், அரசு வங்கிக்குத் தெரியும். வாக்காளருக்கு மட்டும் தெரியாது. நிறுவனப் பணமும் அரசியலும் எப்படிக் கைகோத்தன, சட்டம் அதை எப்போது தடுத்தது, எப்போது வழிவிட்டது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் என்ன மிஞ்சியிருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

கொடுப்பவரின் இக்கட்டு

நிறுவனம் லாபத்துக்காகத் தொடங்கப்படுவது. அதன் சுயநலம் குற்றமல்ல, அதுதான் அதன் இயல்பு. இயக்குநர்கள் செலவிடுவது பங்குதாரர்களின் பணம். அதற்கு அவர்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒரு கட்சிக்கு 100 கோடி ரூபாய் கொடுக்கும்போது எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல் கொடுத்தால், பங்குதாரர்களின் பணத்தை வீணாக்கியதாகும். பலனை எதிர்பார்த்துக் கொடுத்தால், அது விலை பேசியதாகும். அந்த விலையைக் கடைசியில் கட்டுபவர் வரி செலுத்தும் குடிமகன். கார்ப்பரேட் நன்கொடையை நியாயப்படுத்த முயலும் எவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். தனிமனிதருக்குக் கொள்கைப் பற்று இருக்கலாம். சிமென்ட் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் ஏது கொள்கை? ஓட்டுரிமையும் கிடையாது.

எதிர்பார்க்கும் பலன் பலவகை. டெண்டர், சுரங்க உரிமம், வரிச்சலுகை போன்றவை கண்ணுக்குத் தெரிந்தவை. தொல்லை வராமல் இருப்பது இன்னொரு பலன்: சோதனை வராது, வந்த வழக்கு இழுத்தடிக்காது. மூன்றாவது காப்பீடு. நாளை எந்த அடுப்பில் சோறு வேகும் என்று தெரியாதபோது எல்லா அடுப்பிலும் இரண்டு விறகு வைப்பது. எதிரெதிர்க் கட்சிகளுக்கு ஒரே நிறுவனம் பணம் கொடுப்பதை வேறு எப்படியும் விளங்கிக்கொள்ள முடியாது.

பழைய கணக்கு

இந்தக் கேள்வி குடியரசின் வயதை ஒட்டியது. 1957-இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க ஏதுவாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த அனுமதி கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டத்தில் தடை இல்லாததால் அனுமதி கொடுத்தார். ஆனால் இந்த வழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தையே நெரித்துவிடக் கூடும் என்று எச்சரித்து, பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டார். 1960-இல் ஒரு வரம்பு வந்தது: 25,000 ரூபாய் அல்லது சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

ஊழல் தடுப்பை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம். நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை முழுமையாகத் தடை செய்ய வேண்டும் என்று 1964-இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. தடை 1969-இல் வந்தது. இந்திரா காந்தி அரசு அதைக் கொண்டுவந்ததற்குக் கொள்கை மட்டும் காரணமல்ல என்று அப்போதே பேச்சு உண்டு. ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சிக்குத் தொழிலதிபர்கள் பலரின் ஆதரவு இருந்தது. 1967 தேர்தலில் அது மக்களவையில் 44 இடங்களைப் பிடித்திருந்தது. காசோலை வழியை அடைத்தால் எதிர்க்கட்சிக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

தடைக்குப் பின் பணம் நின்றுவிட்டதா? ரசீதுதான் நின்றது. கறுப்புப் பணம் அந்த இடத்தை நிரப்பியது. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்றது. நாடாளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அதன் விளைவு இன்றும் நிற்கிறது. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சத்துக்கு மேலும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது. கட்சி எவ்வளவு செலவழித்தாலும் கேள்வி இல்லை.

1985-இல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி 5 சதவீத வரம்போடு நன்கொடையை மீண்டும் அனுமதித்தது. 2003-இல் வாஜ்பாய் அரசு வரிவிலக்கு கொடுத்தது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் வைத்தது. 2013-இல் மன்மோகன் சிங் அரசு வரம்பை 7.5 சதவீதமாக உயர்த்தி, தேர்தல் அறக்கட்டளை என்ற புது அமைப்புக்கும் வழி செய்தது. குறைகள் இருந்தாலும் ஒரு வரம்பு இருந்தது, ஓரளவுக்கு ஏடும் இருந்தது.

இங்கே தூத்துக்குடியோடு தொடர்புள்ள ஒரு கதை. ஸ்டெர்லைட் ஆலையால் நமக்குத் தெரிந்த வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடம் காங்கிரஸும் பாஜகவும் நன்கொடை வாங்கியது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு எதிரானது என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதத்தில் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. நடந்தது வேறு. 2016 நிதிச் சட்டத்தின் மூலம் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் விளக்கத்தையே 2010 முதல் முன்தேதியிட்டு மாற்றினார்கள். அது போதாமல் 2018-இல் அந்தத் தேதியை 1976 வரை பின்னுக்குத் தள்ளினார்கள். தவறு நடந்திருந்தது, தவறு என்ற சொல்லின் பொருளை மாற்றிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கட்சிகளும் அதில் பலனடைந்தன.

பத்திரத்தின் நுட்பம்

2017 பட்ஜெட் உரையில் நிதி அமைச்சர் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். ரொக்கத்தையும் கறுப்புப் பணத்தையும் ஒழிப்பதுதான் நோக்கம் என்றார். 2018 ஜனவரி 2-இல் திட்டம் அரசிதழில் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் பத்திரம் கிடைக்கும். முகமதிப்பு 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை. 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுப் பணமாக்க வேண்டும். விற்ற பத்திரங்களின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள்தான். சாமானியர் நன்கொடைக்கான ஏற்பாடு இது என்று சொல்ல இந்த ஒரு கணக்கே இடம் கொடுக்காது.

பத்திரத்தைவிட முக்கியம், அதற்காகத் திருத்திய சட்டங்கள். 7.5 சதவீத வரம்பு போயிற்று. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றாயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் வரவு செலவுக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை. யாரிடம் வாங்கினோம் என்று கட்சி தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை. இவை அனைத்தும் நிதி மசோதாவோடு ஒட்டி வந்தன. அதனால் மாநிலங்களவை தடுக்க வழியில்லை. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. இது பின்னோக்கிய அடி என்று தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் அரசுக்கு எழுதியது. இரண்டும் பயனற்றுப் போயின.

ரகசியம் என்ற பேச்சும் பாதிப் பொய். 2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் இரண்டு பத்திரங்களை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரிந்தது. ஆக, நோட்டில் பெயர் இருந்தது. அதைப் படிக்கும் விளக்கு யார் கையில் என்பதுதான் கேள்வி. அரசு வங்கி வைத்திருக்கும் தகவலை ஆளுங்கட்சி எட்டிப் பார்க்க முடியும், எதிர்க்கட்சியால் முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை உச்ச நீதிமன்றமும் பின்னர் சுட்டிக்காட்டியது. பத்திரம் அச்சடிக்கும் செலவும் வங்கிக் கட்டணமும்கூட அரசு தலையில், அதாவது நம் தலையில்.

நோட்டைத் திறந்த வாரம்

ஏடிஆர் எனப்படும் ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கமும் காமன் காஸ் அமைப்பும் 2017-லேயே வழக்குத் தொடுத்தன. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தனியே வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை பத்திர விற்பனையை நிறுத்த நீதிமன்றம் மறுத்தது. 2019 ஏப்ரலில் மூடிய உறையில் விவரம் கேட்டதோடு சரி. தீர்ப்பு வருவதற்குள் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் முடிந்துவிட்டன. பத்திரங்கள் 30 தவணைகளாக விற்று முடிந்தன.

2024 பிப்ரவரி 15-இல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, திட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் கொடுப்பது பலனை எதிர்பார்த்துச் செய்யும் வணிகப் பரிமாற்றம்தான் என்று நீதிமன்றமே எழுதியது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. நீதிமன்றம் மறுத்த மூன்றாம் நாள் பட்டியல் வெளியாயிற்று. அடுத்த ஒரு வாரத்தில், மார்ச் 21-இல், பத்திர எண்களும் வந்தன. யார் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும் என்று வங்கி சொன்ன ஒப்பீட்டைப் பத்திரிகையாளர்கள் சில மணி நேரத்தில் செய்து முடித்தார்கள்.

2019 ஏப்ரல் 12-க்குப் பிறகான கணக்கில் பாஜகவுக்கு 6,060 கோடி, திரிணமூல் காங்கிரஸுக்கு 1,609 கோடி, காங்கிரஸுக்கு 1,421 கோடி, பாரத் ராஷ்டிர சமிதிக்கு 1,214 கோடி, பிஜு ஜனதா தளத்துக்கு 775 கோடி. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி ஒரே கட்சிக்குப் போயிருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு மாநிலத்தை ஆண்ட கட்சிகள்.

கொடுத்தவர்கள் பட்டியலில் முதலிடம், யாரும் எதிர்பாராத ஒரு பெயர். கோவையைச் சேர்ந்த சான்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி. அடுத்து ஹைதராபாத்தின் மேகா இன்ஜினியரிங்: 966 கோடி. தெலங்கானாவின் காலேஸ்வரம் நீர்ப்பாசனத் திட்டம், காஷ்மீரின் ஜோஜிலா சுரங்கப்பாதை ஆகியவற்றில் பணி செய்த நிறுவனம் அது. மூன்றாவதாக 410 கோடிக்கு வாங்கிய குவிக் சப்ளை செயின் 2021-22-இல் ஈட்டிய நிகர லாபம் சுமார் 22 கோடிதான். அதே ஆண்டில் வாங்கிய பத்திரம் 360 கோடி. நட்டத்தில் ஓடிய 33 நிறுவனங்கள் மட்டும் 582 கோடி கொடுத்திருப்பதாக ‘தி இந்து’ நாளிதழும் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். தன் வீட்டில் உலை வைக்க வழியில்லாதவர் ஊருக்கு விருந்து வைத்தால், அரிசி யாருடையது என்று கேட்கத்தானே வேண்டும்?

தேதிகளும் பேசுகின்றன. டெல்லி மதுக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மாவின் இயக்குநர் ஒருவரை அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10-இல் கைது செய்தது. ஐந்தாம் நாள் அந்த நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது; அது பாஜகவுக்குப் போயிற்று. பிறகு அவர் ஜாமீனில் வந்தார், அப்ரூவர் ஆனார். 2023 நவம்பரில் இன்னொரு 25 கோடியும் அதே கட்சிக்குப் போயிற்று. இது எதையும் நிரூபித்துவிடாது. இத்தகைய தொடர்புகளைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க வேண்டும் என்ற மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரூபிக்கவில்லை என்பதற்கும் விசாரிக்கவில்லை என்பதற்கும் உள்ள தூரத்தை வாசகர் கணக்கில் வைக்க வேண்டும்.

பாஜகவை மட்டும் சுட்டிவிட்டுத் தமிழ்நாடு கை கழுவிக்கொள்ள முடியாது. திமுகவுக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி மார்ட்டின் நிறுவனம் ஒன்றே கொடுத்தது. கொடுத்தவர் பெயரைத் தானாகவே வெளியிட்ட சில கட்சிகளில் திமுகவும் ஒன்று என்பதைச் சொல்லியாக வேண்டும்; பதிவு செய்யப்பட்ட உண்மை அது. ஆனால் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில், லாட்டரி நிறுவனம் ஒரு கட்சிக்கு ஏன் 509 கோடி கொடுக்க வேண்டும்? லாட்டரி சட்டப்படி நடக்கும் மேற்கு வங்கத்தில் ஆளும் திரிணமூலுக்கு அதே நிறுவனம் 542 கோடி கொடுத்ததன் பொருள் எளிதில் விளங்குகிறது. இங்கே விளங்கவில்லை. கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடி மட்டுமே. 2021 வரை ஆட்சியில் இருந்த கட்சி அது. ஆக, பணம் நாற்காலியில் இருப்பவரை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்து யார் உட்காரப்போகிறார் என்பதையும் பார்க்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

மறுதரப்பு

அரசுத் தரப்பு வாதங்களையும் எடைபோட வேண்டும். எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் ஆளுங்கட்சி பழிவாங்கும். ஆகவே கொடுப்பவருக்கு மறைவு தேவை என்பது முதல் வாதம். உண்மையான அச்சம்தான். ஆனால் அரசு வங்கியே நோட்டை வைத்திருக்கும் ஏற்பாட்டில், பழிவாங்கக் கூடியவருக்கே நோட்டு எட்டும். கட்சிகளின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறியும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று அட்டர்னி ஜெனரல் ஆர். வெங்கடரமணி 2023 அக்டோபரில் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். தீர்ப்பு அதை நிராகரித்தது. பத்திரம் இருந்ததால்தான் பணத்தின் தடம் தெரிந்தது என்று பிரதமர் மோடி 2024 மார்ச் இறுதியில் தந்தி டிவி பேட்டியில் வாதிட்டார். தடம் இருந்தது உண்மை. அதை வெளியே வராமல் வைக்கக் கடைசிவரை நீதிமன்றத்தில் போராடியதும் அதே அரசுதான்.

பத்திரம் இல்லாவிட்டால் ரொக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். 1969 அனுபவத்தைப் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பத்திரம் இருந்த ஆண்டுகளிலும் ரொக்கம் குறையவில்லை என்பதற்கு வேலூரே சாட்சி. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் 2019-இல் அந்த மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது. அதற்கு முன் 2017-இல் ஆர்.கே. நகர், 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும். ஓட்டுக்குப் பணம் என்றதும் வாங்கும் ஏழையின் மேல் நாம் காறி உமிழ்கிறோம். அவர் கைக்கு வரும் 500 ரூபாய்த் தாள், ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணியை யாரும் பார்க்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து உலுக்குவது நேர்மையல்ல.

பிற நாடுகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், நிறுவனங்கள் தேர்தல் பிரசாரத்துக்குத் தனித்துச் செலவிடுவது பேச்சுரிமை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கணக்கற்ற பணத்துக்கு அது மடையைத் திறந்துவிட்டது. ஆனால் அதே அமெரிக்காவில் மத்திய அரசின் ஒப்பந்ததாரர்கள் நன்கொடை கொடுக்க 1940 முதல் தடை இருக்கிறது. பிரான்ஸ் 1995-இல் நிறுவன நன்கொடையை முற்றாகத் தடை செய்தது. கனடா 2006-இல் மத்திய அளவில் சட்டம் இயற்றித் தடுத்தது. பிரேசிலில் 2015-இல் உச்ச நீதிமன்றமே அதை அரசமைப்புக்கு விரோதம் என்றது. தடை செய்த நாடுகளில் ஊழல் ஒழிந்துவிடவில்லை. ஆனால் நிறுவனப் பணம் இல்லாமல் தேர்தலே நடத்த முடியாது என்ற வாதம் அங்கே பொய்த்துவிட்டது.

தீர்ப்புக்குப் பின்

பத்திரம் போயிற்று, 7.5 சதவீத வரம்பு திரும்ப வந்தது. பணம் இப்போது தேர்தல் அறக்கட்டளைகள் வழியே ஓடுகிறது. 2024-25-இல் இவை கட்சிகளுக்குக் கொடுத்தது சுமார் 3,800 கோடி. அதில் நூற்றுக்கு 80-க்கு மேல் பாஜகவுக்கு. அறக்கட்டளைக்குக் கொடுத்தவர் பெயரும் வாங்கிய கட்சியின் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் பலரின் பணத்தை ஒரே பானையில் கொட்டிக் கலக்கிப் பரிமாறுவதால், எவர் பணம் எந்த இலைக்குப் போனது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. 20,000 ரூபாய்க்குக் கீழே வருவதற்குப் பெயரே தேவையில்லை. தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்திய தகவல் ஆணையம் 2013-இல் ஆணையிட்டது. ஒரு கட்சியும் அதற்குப் பணியவில்லை. எதிரெதிராக நிற்கும் கட்சிகள் ஒன்றுசேர்ந்த அபூர்வமான இடம் அது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. வெளிப்படைத்தன்மை அவசியம், அது மட்டும் போதாது. பெயர் தெரிந்த பிறகும் பணம் அதிகாரத்தின் பக்கமே சாய்கிறது. முழுத் தடை கறுப்புப் பணத்துக்கு வழிவிடும் என்ற அச்சத்திலும் பொருள் இருக்கிறது. ஆகவே குறைந்தபட்சம் மூன்று காரியம் நடக்க வேண்டும். அரசு ஒப்பந்தமோ உரிமமோ வைத்திருக்கும் நிறுவனமும், புலனாய்வில் இருக்கும் நிறுவனமும் நன்கொடை கொடுக்கக் கூடாது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். 1974-இல் அடைத்த கதவு அது. அரசே கட்சிகளுக்கு உதவும் முறை பற்றி 1998-லேயே இந்திரஜித் குப்தா குழு பரிந்துரைத்துவிட்டது. அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுக்க வேண்டும்.

இவற்றைச் செய்ய வேண்டியவர்கள் பந்தலில் அமர்ந்திருப்பவர்களே என்பதால் தானாக நடக்காது. அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் ஒவ்வொரு வாசகரும் ஒரு கேள்வி கேட்கலாம்: “உங்கள் கட்சிக்கு மொய் எழுதியவர்கள் யார் யார்? எதைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள்?” கீரமங்கலத்துப் பந்தலில் ஐநூறு ரூபாய் வைப்பவருக்கு இருக்கும் நோட்டு, ஐநூறு கோடி வைப்பவருக்கும் இருக்கத்தான் வேண்டும். அதை ஊரறியப் படிக்கச் சொல்லுங்கள்.